திரும்பி வரும் சேதி

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் ஊத்தங்கரையைத் தாண்டினால் சிங்காரப்பேட்டை. இந்தப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது முதல் துரியோதனன் படுகளத்தில் விழும்வரை ஊர் முழுக்க ஒரே குரல் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்தக் குரலை ஊர் முழுக்கக் கொண்டுபோகிறவர் மைக் செட்காரர். கோயில் ஓரமாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே ஆம்ப்ளிஃபயரின் சின்ன விளக்குகள் குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கும். பக்கத்திலுள்ள ஒலிபெருக்கி அவர் காதில் நன்றாகக் கேட்கும். தெருக்கோடியில் கட்டிய கடைசி ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது மட்டும் அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை ஒரு பாட்டி வந்து, "நேத்து எங்க தெருவுக்கு பாரதமே வரலையேப்பா" என்று சொல்லும்போதுதான் தெரியும்.

ஒலி போகிறது, போய்ச் சேர்ந்ததா என்ற சேதி திரும்பி வருவதில்லை. ஆம்ப்ளிஃபயர் பராமரிப்பின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்து முளைப்பவை என்று நான் நினைக்கிறேன். ஆம்ப்ளிஃபயர்களை நெட்வொர்க்கில் கோக்கும் இன்றைய தொழில்நுட்பமும் இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான். ஆனால் அங்கே போவதற்கு முன் ஒயரைப் பார்க்க வேண்டும்.

கோயிலிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒரு 8 ஓம் ஒலிபெருக்கியைக் கட்டுகிறோம் என்று வையுங்கள். கடையில் 'ஒன்றரை ஸ்கொயர்' என்று கேட்டு வாங்கும் செம்பு ஒயர்தான் இழுக்கிறோம். அதன் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். போக 200, வர 200, ஆக 400 மீட்டர். தடை ஏறக்குறைய 4.8 ஓம். ஒலிபெருக்கியின் 8 ஓமோடு இந்த 4.8 ஓம் சேர்ந்து நிற்கிறது. வெளியே போகும் மின்திறனில் எட்டில் மூன்று பங்கு ஒயரைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். பாரதம் சொல்ல வேண்டிய கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் வெயில் காய்கிறது.

இதற்கு நம் மைக் செட்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாளும் விடை '100 வோல்ட் லைன்'. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 100 வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் இருக்கும் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்கிறது. அணையிலிருந்து ஊருக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுவரும் அதே தந்திரம்தான். 250 வாட் ஆம்ப்ளிஃபயர் முழுச் சுமையில் பார்க்கும் தடை இப்போது 40 ஓம். அதே ஒயரின் 4.8 ஓம் இதன் முன் சிறியது. இழப்பு பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. ஓர் ஒலிபெருக்கியை 30 வாட் முனையில் கட்டினால் எட்டு கட்டலாம். கூட்டிப் பார்த்தால் 240 வாட். ஒரே இரட்டை ஒயரில் எட்டு தெருக்கள் கோத்துக்கொள்கின்றன. நெட்வொர்க் என்ற சொல் ஊருக்கு வருமுன்பே சிங்காரப்பேட்டைத் தெருக்களில் நெட்வொர்க் இருந்தது என்றுதான் சொல்வேன்.

கமிட்டிக்காரர் யாராவது வந்து, "காலனிப் பக்கம் ரெண்டு கட்டிடுப்பா" என்பார். மறுக்க முடியாது. எட்டு பத்தாகும். 240 வாட் 300 ஆகும். தடை 42 ஓமிலிருந்து 33 ஓமுக்கு இறங்கும். ஆம்ப்ளிஃபயர் உடனே எதுவும் சொல்லாது. இரவு பதினொரு மணிக்கு மேல், கூத்து சூடு பிடிக்கும் நேரத்தில், டிரான்சிஸ்டர் போகும்.

திரும்பி வரும் சேதி என்ற எண்ணம் ஆம்ப்ளிஃபயரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. 1927 ஆகஸ்ட் 2, காலை நேரம். பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் நியூயார்க்கில் இருந்த தம் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளில் வரிசையாக வைத்த பெருக்கிகள் ஒவ்வொன்றும் குரலைச் சற்றே சிதைக்கும். ஊர் தாண்டி ஊர் போவதற்குள் சிதைவு கூடிக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் இதோடு போராடியவருக்கு அன்று படகில் விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வெற்றுப் பக்கத்தில் வரைந்தார். வெளியே போகும் ஒலியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து, உள்ளே வந்ததோடு எதிராக வைத்து ஒப்பிட வேண்டும். எங்கே பிசகுகிறதோ அங்கே பெருக்கி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். பெருக்கத்தில் பெரும் பங்கை விட்டுக்கொடுத்துத் தூய்மையை வாங்கும் இந்த ஏற்பாட்டை முதலில் பலர் நம்பவில்லை. காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. இன்று கோயில் மேசையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் நொடிதோறும் இதையே செய்கிறது.

ஆனால் அது கேட்பது தன் வாசல் வரைதான். வாசலுக்கு வெளியே ஒயர் அறுந்தாலும், வாசலுக்குள்ளே வரும் கரண்ட் இளைத்தாலும் அதற்குப் புரியாது. கரண்ட் இளைப்பது நம் ஊர்த் திருவிழாவில் அன்றாடம் நடப்பது. சீரியல் செட், ராட்டினம், ஜூஸ் கடை எல்லாம் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும் இரவில் 230 வோல்ட் 180க்கு இறங்கினால் என்ன ஆகும்? சாதாரண ஆம்ப்ளிஃபயரின் உள் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும். மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 180ஐ 230ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.61. 250 வாட் 153 வாட் ஆகிவிட்டது. காதுக்கு இது வெறும் 2 டெசிபல் குறைவு. யாரும் கவனிக்க மாட்டார்கள். கூத்தில் கட்டியக்காரன் குரலை உயர்த்தும்போதுதான் தெரியும். அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும். ஒலி போதவில்லை என்று நினைத்து மைக் செட்காரர் குமிழைத் திருகுவார். வெட்டு இன்னும் அதிகமாகும்.

வெட்டுப்பட்ட அலை ஆபத்தானது. வளைந்து ஏறி இறங்கும் அலையை முழுக்க வெட்டிச் சதுரமாக்கினால், உயரம் அதேதான், ஆனால் அதில் அடங்கிய மின்திறன் இரு மடங்கு. 250 வாட் என்று எழுதிய பெட்டியிலிருந்து 500 வாட் வரை புறப்படலாம். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது ஒலிபெருக்கி யூனிட்டின் சுருள், தலைமுடி போன்ற கம்பி. "பெரிய ஆம்ப்ளி வெச்சதால யூனிட் போச்சு" என்பார்கள். சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் ஓட்டியதால் போன யூனிட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரே இரவில் நான்கு போனதைப் பார்த்தேன். மறுநாள் அந்த இளைஞர் அவற்றைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போன முகம் இன்னும் நினைவிருக்கிறது. சீசன் வருமானத்தில் பாதி அந்தச் சாக்கில் இருந்தது.

நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விடுபட்டால், சுமை குறைந்த ஃபேஸில் இருக்கும் கருவிக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் வரை பாயலாம். அதை எந்த ஆம்ப்ளிஃபயரும் தாங்காது. மீட்டர் வைத்து அழுத்தம் பார்த்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும். பத்து நொடி வேலை.

பழுது பார்க்கும் மேசைக்கு வருவோம். இந்தப் பகுதி மெக்கானிக்குகள் டிரான்சிஸ்டர் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதைவிடப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போவது எளிது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். 5200, 1943 என்று எண் சொல்லிக் கேட்பார்கள். ஜோடியாக வேலை செய்யும் பவர் டிரான்சிஸ்டர்கள். ஒன்று மேல் பாதி அலையைத் தள்ளும், மற்றது கீழ்ப் பாதியை இழுக்கும். இவற்றில் போலிகள் மலிந்திருக்கின்றன. மேலே எழுத்து அச்சு அசலாக இருக்கும்; உள்ளே சிலிக்கான் துண்டு மட்டும் சிறியதாக இருக்கும். மேசையில் மெதுவாகப் பாடினால் நன்றாகவே பாடும். களத்தில் முழுச் சுமை ஏறும்போது வெடிக்கும்.

புது டிரான்சிஸ்டர் மாட்டிய ஆம்ப்ளிஃபயரை நேராகக் கரண்டில் செருகும் மெக்கானிக் நல்ல மெக்கானிக் இல்லை. கரண்ட் வரும் வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராகக் கட்டுவார்கள். 60 வாட்டோ 100 வாட்டோ. உள்ளே எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஆம்ப்ளிஃபயர் பிழைத்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் பல்பு ஒரு கணம் மினுக்கிவிட்டு மங்கிவிடும். அந்த மினுக்கல் உள்ளேயுள்ள பெரிய கண்டென்சர்கள் நிரம்புவதன் அடையாளம். இந்த எளிய சாதனத்தின் அறிவியல் அழகானது. டங்ஸ்டன் இழையின் மின்தடை குளிர்ந்திருக்கும்போது இருப்பதைவிட எரியும்போது பத்து மடங்குக்கும் மேலாகிறது. கொஞ்சம் கரண்ட் போனால் வழி விடும். அதிகம் போனால் தானே சூடாகி வழியை அடைக்கும். எல்.இ.டி. பல்பு இதைச் செய்யாது. அதனால்தான் குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவிட்ட இந்தக் காலத்திலும் ரேடியோ மெக்கானிக்குகள் நாலைந்து வாங்கி அட்டைப்பெட்டியில் பத்திரப்படுத்துகிறார்கள். அந்தப் பல்பும் திரும்பி வரும் சேதிதான், ஒளியாக வருகிறது.

கண்டென்சர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஆம்ப்ளிஃபயரின் கண்டென்சர்களில் ஆளை வீழ்த்தும் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்குமுன் அவற்றை ஒரு தடை வழியாக வடித்து, மீட்டரில் பார்த்து உறுதி செய்யாமல் விரலை உள்ளே விடவே கூடாது.

ஆம்ப்ளிஃபயரைக் கொல்வதில் சூட்டுக்கு நிகர் எதுவுமில்லை. கரண்டை ஒலியாக மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போவது இயற்கை. பழைய வகை ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர்கள் மிக அதிகமாகச் சுடுவது முழு ஒலியில் ஓடும்போது என்று நினைப்போம். கணக்குப் போட்டால், முழுத் திறனில் சுமார் 40 விழுக்காட்டில் ஓடும்போதுதான் அவற்றின் சூடு உச்சம். கூத்து நடுத்தரமான ஒலியில் விடிய விடிய ஓடும் நிலைமை கிட்டத்தட்ட இதுவே. அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோவது அலுமினிய ஹீட்சிங்க்கும் பின்னாலிருக்கும் ஃபேனும். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் மாவட்டம். சாலையோரம் எப்போதும் மெல்லிய கல்தூசு. கோயில் மண்டபத்தில் அதோடு கற்பூரக் கரியும் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்கின்றன. ஃபேன் இதையெல்லாம் உள்ளே இழுத்து ஹீட்சிங்க் மீது போர்வையாகப் போர்த்துகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுற்றும். காற்று போகாது.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. ஆக, ஒரு பிரஷ்ஷும் ஒரு புளோயரும் ஆண்டுக்கு நாலு முறை செய்யும் வேலை கருவியின் ஆயுளை இரு மடங்காக்கக்கூடும். செலவு சில நிமிடங்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசும் வெள்ளைப் பசை காய்ந்து மாவானால் புதுப்பிக்க வேண்டும். அதை அதிகமாக அப்பக் கூடாது. உலோகங்களுக்கு நடுவிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பும் அளவுக்கு மெல்லிய படலம் போதும். ஓடாமல் கிடப்பதும் கேடு. ஒரு திருவிழாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் குடோனில் மாதக்கணக்காகப் பூட்டி வைத்தால் எறும்பும் பல்லியும் குடியேறும், ஸ்பீக்கர் முனைகளில் களிம்பு ஏறும். சில மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, குண்டு பல்பு வழியாகக் கரண்ட் காட்டி, ஒரு மணி நேரம் பாடவிடுவது நல்லது.

இந்த இடத்தில் கூம்பு ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு இப்போது தடை. காதைத் துளைக்கும் ஒலியால் நோயாளிகளும் பிள்ளைகளும் பட்ட பாட்டுக்கு அந்தத் தடை நியாயமானது. ஆனால் அதன் இயற்பியலை மறக்கக் கூடாது. ஒரு வாட் கொடுத்தால் நல்ல கூம்பு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 108 டெசிபல் கொடுக்கும். சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி 90 டெசிபல்தான். 18 டெசிபல் வித்தியாசம் என்றால் மின்திறனில் 63 மடங்கு. கூம்பு போய்ப் பெட்டி வந்தபோது 250 வாட் போதுமாக இருந்த ஊருக்கு ஆயிரக்கணக்கான வாட் தேவைப்பட்டதற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன். பெரிய ஆம்ப்ளிஃபயர், பெரிய ஜெனரேட்டர், பெரிய சூடு. பெட்டி வந்ததும் அதோடு பேஸும் வந்தது. தமிழ்ச் சொல்லின் மெய்யெழுத்துகள் தெளிவது 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் நுட்பமும் அங்கேதான். அதன்மேல் தாரை தப்பட்டை அளவுக்குப் பேஸை ஏற்றி வைத்தால் பாரதியார் சொற்பொழிவு யாருக்கும் விளங்காது. பாரதம் சொல்பவரைப் பாரதியார் என்றே இங்கே அழைப்பார்கள்.

சட்டமும் கூடவே வருகிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். விடியும்வரை ஆடும் கூத்துக்கு இது பெரிய நெருக்கடிதான். ஓரிடத்தில் பெரும் ஒலி வைப்பதற்குப் பதில், கேட்பவர்கள் இருக்குமிடத்தில் மட்டும் சிறு சிறு ஒலியாகப் பிரித்து வைப்பது இந்த நெருக்கடிக்கு அறிவியல் தரக்கூடிய உதவி. அதற்குத்தான் நெட்வொர்க்.

சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரைப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் ஓசூர் சிப்காட்டில் இந்தத் தேவை வேறு முகத்தோடு இருக்கிறது. எந்திர இரைச்சல் 85 டெசிபலைத் தொடும் பெரிய தொழிற்கூடத்தில் 'எல்லோரும் வெளியே வாருங்கள்' என்ற அறிவிப்பு ஒரு மூலைக்குப் போகாமல் விட்டால் அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே அவசர அறிவிப்பு அமைப்புகளின் ஆம்ப்ளிஃபயர்கள் மனிதக் காதுக்கு எட்டாத, 20,000 ஹெர்ட்ஸ் அளவிலான மெல்லிய ஒலியை லைனில் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் கரண்டை அளந்து, கடைசி ஒலிபெருக்கி வரை ஒயர் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஓரிடத்தில் அறுந்தால் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரியும். சிங்காரப்பேட்டைப் பாட்டி மறுநாள் காலை கொண்டுவந்த சேதியை இந்த ஏற்பாடு சில நொடிகளில் கொண்டுவருகிறது.

இன்றைய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் முதுகில் கம்ப்யூட்டர் கேபிள் செருகும் துளை இருக்கிறது. ஒலியை நொடிக்கு 48,000 துண்டுகளாக வெட்டி, எண்களாக்கி, சாதாரண நெட்வொர்க் கேபிளில் அனுப்புகிறார்கள். 1996இல் கோப்ராநெட் இந்த வழியைத் திறந்தது. 2006இல் தொடங்கிய சிட்னி நிறுவனமான ஆடினேட்டின் 'டான்டே' முறை இப்போது பரவலாகிவிட்டது. ஒரு தடத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 11.5 லட்சம் பிட்டுகள். ஒரு கிகாபிட் கேபிள் நூற்றுக்கணக்கான தடங்களை எளிதாகச் சுமக்கும். பழைய நீள மைக் கேபிளில் எர்த் கோளாறால் ஏறும் 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல் இதில் கிடையாது. போகும் கேபிளிலேயே சேதியும் திரும்பி வருகிறது. ஹீட்சிங்க் எத்தனை டிகிரி, அலை வெட்டுப்படுகிறதா, லைனின் தடை எத்தனை ஓம், வரும் கரண்ட் எத்தனை வோல்ட் என்பதெல்லாம் திரையில் தெரியும். மாலையில் 42 ஓமாக இருந்த லைன் 33 ஆகிவிட்டால் யாரோ இரண்டு ஒலிபெருக்கி கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள். 48 ஆகிவிட்டால் ஒன்று அறுந்திருக்கிறது.

நெட்வொர்க்குக்குக் கடிகாரம் முக்கியம். எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றாவிட்டால் 'டிக் டிக்' என்று ஒலி உடையும். ஒரே கடிகாரத்தால் கிடைக்கும் பெரிய நன்மை தாமதத்தைத் திட்டமிடுவது. காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், கேபிளில் சேதி கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பக்கத்துப் பெட்டியின் குரல் முதலில் கேட்டு, மேடைக் குரல் 0.29 நொடி கழித்து வந்து சேரும். 'வணக்கம்... ணக்கம்' என்று இரட்டிக்கும். தூரத்துப் பெட்டிக்கு 290 மில்லி நொடி தாமதம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். முன்வரிசையைத் துன்புறுத்தாமல் பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும்.

நெட்வொர்க்கைப் பராமரிப்பதும் தனி வேலை. செம்புக் கேபிள் ஒரு துண்டுக்கு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் ஃபைபர். கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்சில், மின்சாரம் மிச்சப்படுத்த இடையிடையே தூங்கும் வசதி இருந்தால் அதை அணைக்க வேண்டும். சுவிட்சின் தூக்கம் கடிகாரத்தைக் குலைக்கும். ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயருக்கும் அது நிற்கும் இடத்தையே பெயராக வையுங்கள். எண்ணை மட்டும் வைத்தால் அவசரத்தில் கை தடுமாறும். எல்லாக் கேபிளையும் ஒரே சுவிட்சில் தொங்கவிட்டால், அந்த ஐந்தாயிரம் ரூபாய்ப் பெட்டி போனால் ஐந்து லட்ச ரூபாய் அமைப்பும் ஊமை. இரண்டாவது பாதை வேண்டும்.

திரை எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஃபேனில் படியும் கரி, தளர்ந்த திருகு, எலி கடித்த உறை எல்லாம் கெட்ட பிறகே எண்ணாக மாறித் திரைக்கு வரும். கெடுமுன் அவற்றைப் பார்ப்பது கண்ணும் கையும்தான்.

சிற்றூர் மைக் செட்காரர்களில் பெரும்பாலோர் இத்தகைய ஆம்ப்ளிஃபயரை உடனே வாங்க முடியாது. அவர்களிடம் இருக்கும் 100 வோல்ட் லைனே நன்றாகப் பராமரித்தால் பல்லாண்டு உழைக்கும். திருவிழாக் கமிட்டியாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒலிபெருக்கி கட்டும்போது மைக் செட்டுக்கென்று தனி இணைப்பும் நல்ல எர்த்தும் கொடுங்கள். கொடியேற்றுவதற்கு முன் ஒருவரை அனுப்பி, கடைசித் தெருவின் கடைசி ஒலிபெருக்கி வரை நடந்துபோய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.